பாரம் மடித்தவர்களின் நூலகம்: ஒலிப்புத்தகத் தேர்வு குறித்துச் சில குறிப்புகள்

1

சிவகாசி, சாத்தூர் வட்டார ஊர்களில் புத்தகம் என்பது முதலில் வாசிக்கிற பொருள் அல்ல. மடிக்கிற பொருள், தைக்கிற பொருள், பசை தடவுகிற பொருள், கட்டுக் கட்டாக லாரியில் ஏற்றுகிற பொருள். பாடநூல், நோட்டு, டைரி, தினசரி காலண்டர், கல்யாணப் பத்திரிகை, கட்சிச் சுவரொட்டி எல்லாம் இங்கே காகிதமாக வந்து, யாரோ ஒரு பெண்ணின் விரல் நகத்தால் அழுத்தி மடிக்கப்பட்டு வெளியேறியிருக்கின்றன. எழுத்து என்பதைப் பிரதியாகவும் குறியாகவும் பார்த்துப் பழகிவிட்ட நமக்கு, அது ஒரு கூலிவேலை என்பது சௌகரியமாக மறந்துபோகிறது.

என் மதினி எட்டு வயதில் தீப்பெட்டி ஆபீசுக்குப் போனவர். விடியுமுன் வந்து பிள்ளைகளை அள்ளிக்கொண்டு போகும் ஆபீஸ் பஸ் அவருடைய பள்ளிக்கூடம். குச்சி அடுக்கினார், பெட்டி ஒட்டினார். கல்யாணமான பிறகு பைண்டிங் பட்டறையில் முப்பது வருஷம் பாரம் மடித்தார். இப்போது வீட்டுத் திண்ணையில் பட்டாசுக்குக் காகிதக் குழாய் உருட்டுகிறார். 1990களின் தொடக்கத்தில் அறிவொளி இயக்கம் வந்தபோது கையெழுத்துப் போடக் கற்றுக்கொண்டார். அதற்கு மேலே போக ராத்திரி வகுப்பில் தூக்கம் விடவில்லை.

"எத்தன புஸ்தகம் என் கைல ஏறி எறங்கியிருக்கும் தம்பி. ஒண்ணுலயாச்சும் உள்ள என்ன போட்டுருக்கான்னு தெரியுமா? நீங்க படிக்கிறதெல்லாம் என்னதான்யா சொல்லுது?"

இந்தக் கேள்விக்குப் பதிலாக மெமரி கார்டு போடுகிற சின்ன ரேடியோப் பெட்டி ஒன்று வாங்கி, மதினிக்காக ஒரு ஒலி நூலகம் சேர்க்கத் தொடங்கினேன். புதிதாக வரும் ஒலிப்புத்தகங்களில் எதைச் சேர்ப்பது, எதைத் தள்ளுவது என்பது முதலில் ருசி பற்றிய பிரச்சினையாகத்தான் பட்டது. போகப் போக அது குரல், சாதி, சொத்துரிமை, சட்டம், எல்லாவற்றுக்கும் மேலே 'யார் தேர்ந்தெடுப்பது' என்கிற பிரச்சினையாக மாறிவிட்டது. அந்த அனுபவத்தை நம் நண்பர்களுக்குப் பயன்படும் விதத்தில் தொகுத்துச் சொல்வதே இங்கே நோக்கம்.

2

ஒலிப்புத்தகம் ஏதோ செல்போனோடு வந்திறங்கிய பண்டம் என்று ஒரு பேச்சு இருக்கிறது. அது உண்மையல்ல. எடிசன் 1877இல் ஒலிப்பதிவுக் கருவியைச் செய்த அடுத்த வருஷமே, பார்வையற்றவர்களுக்குப் பேசும் புத்தகம் என்பதை அதன் பயன்களில் ஒன்றாகக் குறித்திருந்தார். அமெரிக்காவில் 1934இலும் பிரிட்டனில் 1935இலும் பேசும் புத்தகங்கள் இசைத்தட்டாகவே வழங்கப்பட்டன. ஒரு பக்கத்தில் அரைமணிக்கும் குறைவான வாசிப்புத்தான் கொள்ளும். ஒரு நாவலுக்குப் பெட்டி நிறையத் தட்டுகள் தேவைப்பட்டன. பிரிட்டனில் இந்த முயற்சிக்குப் பின்னால் முதல் உலகப் போரில் கண்ணை இழந்து வந்த சிப்பாய்கள் இருந்தார்கள். ஆக, ஒலிப்புத்தகத்தின் பிறப்பிலேயே ஓர் உரிமைக் கோரிக்கை இருக்கிறது. சௌகரியத்துக்காகக் காரில் கேட்பது பின்னால் சேர்ந்துகொண்டது.

நம் பக்கத்தில் நிலைமை இன்னும் சுவாரஸ்யமானது. 'பெரிய எழுத்து'ப் புத்தகங்கள் என்று ஒரு வகை இருந்தது. அல்லி அரசாணி மாலை போன்ற கதைகளைக் கொட்டை எழுத்தில் அச்சடித்துத் திருவிழாக் கடைகளில் விற்பார்கள். மங்கல் விளக்கில், அரைகுறையாக எழுத்துக் கூட்டத் தெரிந்த ஒருவர் உரக்க வாசிக்க, சுற்றியிருந்து பலர் கேட்பதற்கு அந்த எழுத்தளவு தோதாக இருந்தது. மௌன வாசகன் என்கிற தனிமனிதனை மட்டும் அந்த அச்சு நம்பி இருக்கவில்லை. 1942இல் தொடங்கிய தினத்தந்தியை டீக்கடை பெஞ்சில் ஒருவர் வாசிக்கப் பத்துப் பேர் கேட்டது அந்த மரபின் தொடர்ச்சி. திருநெல்வேலி வானொலி 1963இல் வந்தது. அதைவிட இலங்கை வானொலிதான் எங்கள் வீடுகளில் அதிகம் ஒலித்தது. 1959இல் வந்த வீரபாண்டிய கட்டபொம்மன் வசனத்தைக் கல்யாண வீட்டுக் குழாய் ஒலிபெருக்கியில் கேட்டே மனப்பாடம் செய்த தலைமுறை ஒன்று உண்டு. 1984இல் 'விதி' படத்தின் கோர்ட் சீன் வசன கேசட்டை டீக்கடைகளில் நின்று கேட்டுவிட்டு வேலைக்குப் போனவர்கள் இன்னும் இருக்கிறார்கள். கோயில் கொடையில் வில்லுப்பாட்டு விடிய விடிய நடக்கும். பிற்பாடு அதுவும் கேசட்டில் வந்தது.

திருக்குறளில் கல்வி 40ஆவது அதிகாரம், கல்லாமை 41, கேள்வி 42. இந்த வரிசையைக் கவனிக்க வேண்டும். கல்லாமைக்கு அடுத்து நிற்பது கேள்வி. கல்லாதவனும் கேட்டுக்கொள்ளலாம் என்ற வழி அங்கே திறந்து வைக்கப்படுகிறது. தமிழில் 'கேள்வி' என்ற ஒரே சொல் செவிவழிக் கல்வியையும் குறிக்கும், எதிர்த்துக் கேட்கிற வினாவையும் குறிக்கும். இந்த இரண்டாவது அர்த்தத்தை இந்தக் கட்டுரையின் கடைசியில் மதினியே எடுத்துக் கொடுப்பார்.

இதனால் பேச்சே மூலம், எழுத்து அதன் நிழல் என்கிற பழைய வாதத்துக்குள் விழவேண்டும் என்று நான் சொல்லவில்லை. அந்த வாதத்தை 1967இல் தெரிதா கட்டுடைத்துவிட்டார். ஒலிப்புத்தகம் பேச்சு அல்ல. எழுதப்பட்டு, திருத்தப்பட்டு, அச்சாகி, பிறகு ஒரு வாயால் பேசப்படும் எழுத்து. வால்டர் ஓங் 1982இல் வெளிவந்த தன் நூலில், எழுத்தையும் அச்சையும் சார்ந்து நிற்கும் வானொலி, தொலைக்காட்சிக் காலத்துப் பேச்சை 'இரண்டாம் நிலை வாய்மொழி' என்று பிரித்தார். மதினி கேட்கப்போவது இந்த இரண்டாம் நிலை வாய்மொழியை. வில்லுப்பாட்டுக்காரரிடம் "அண்ணே, அந்த எடத்த இன்னொருக்காச் சொல்லுங்க" என்று குறுக்கிட முடியும். பதிவான குரலிடம் அது நடக்காது. பதிலுக்கு, பொத்தானை அமுக்கினால் அதே குரல் நூறு தடவையும் சலிக்காமல் சொல்லும். இழப்பும் லாபமும் சேர்ந்தே வருகின்றன.

3

வால்டர் பெஞ்சமின் 1936இல் கதைசொல்லியைப் பற்றி எழுதிய கட்டுரையில் ஓர் அவதானிப்பு உண்டு. நூற்றுக்கொண்டோ நெய்துகொண்டோ இருப்பவன் தன்னை மறந்து கேட்கிறான். தன்னை மறந்து கேட்பவனிடம் கதை ஆழமாக இறங்குகிறது. கைவேலை அழிகிறபோது கேட்கிற காதும் அழிகிறது என்று அவர் வருத்தப்பட்டார். கைவேலை அழியாத ஓர் ஊரிலிருந்து இதை வாசிக்கும்போது வருத்தம் வேறு திசையில் போகிறது. குழாய் உருட்டும் கை ஓயவில்லை. அதன் பக்கத்தில் கதை இல்லை.

கை வேலையில் இருக்க, காது சும்மா இருக்கும் தொழிலில் புத்தகத்தைக் கொண்டுவந்த சம்பவம் வரலாற்றில் உண்டு. ஹவானாவின் 'எல் ஃபிகரோ' சுருட்டு ஆலையில் 1865இல், தொழிலாளிகள் சுருட்டுச் சுற்ற ஒருவர் நடுவே உட்கார்ந்து உரக்க வாசிக்கும் பழக்கம் தொடங்கியது. வாசிப்பவருக்குக் கூலியைத் தொழிலாளிகளே தங்கள் சம்பாத்தியத்திலிருந்து கொடுத்தார்கள். எதை வாசிப்பது என்பதையும் அவர்களே முடிவுசெய்தார்கள். அடுத்த வருஷமே, 1866இல், ஸ்பானிய ஆட்சி அதைத் தடைசெய்தது. பிறகு மீண்டும் முளைத்து, கியூபத் தொழிலாளிகளோடு ஃபுளோரிடாவின் டாம்பா வரைக்கும் போனது. 1931இல் டாம்பா முதலாளிகள் வாசிப்பவர்களை வெளியேற்றிவிட்டு, அந்த இடத்தில் ரேடியோவை வைத்தார்கள். இது முக்கியமான விஷயம். முதலாளிகளைப் பயமுறுத்தியது ஆலைக்குள் கேட்ட சத்தம் அல்ல. எந்தச் சத்தம் என்று தேர்ந்தெடுக்கும் உரிமை தொழிலாளியிடம் இருந்ததுதான் அவர்களுக்கு ஆபத்தாகப் பட்டது. 'மான்டி கிறிஸ்டோ' என்ற சுருட்டின் பெயர் டூமாவின் நாவலிலிருந்து வந்தது என்பதைப் புகைப்பவர்களில் எத்தனை பேர் அறிவார்களோ!

அவ்வளவு தூரம் போகவேண்டாம். கண்ணூரில் பீடி சுற்றும் இடங்களில் ஒருவர் பேப்பர் வாசிக்க, அவருடைய பங்குப் பீடியை மற்றவர்கள் சுற்றிக் கொடுத்த வழக்கம் பிரசித்தம். 1969இல் உருவான கேரள தினேஷ் பீடிக் கூட்டுறவிலும் அது தொடர்ந்தது. மலையாளத் தொழிலாளியின் அரசியல் அறிவைப் பற்றிப் பெருமூச்சு விடுகிற நாம், அதற்குப் பின்னால் இருந்த இந்தச் சின்ன ஏற்பாட்டை யோசிப்பதில்லை.

எங்கள் பட்டாசு ஆலையில் இது ஏன் நடக்கவில்லை? ஒரு காரணம் வெளிப்படை: மருந்து. தீப்பொறிக்குப் பயந்து செல்போனை வாசலிலேயே தடுக்கும் இடம் அது. மருந்து செலுத்தும் அறைகளில் நான்கு பேருக்கு மேல் இருக்கக் கூடாது என்பது விதி. முந்நூறு பேர் ஒரே கூடத்தில் உட்கார்ந்து கேட்கும் ஹவானா அங்கே சாத்தியமில்லை, மருந்து தொட்ட கை கவனம் சிதறவும் கூடாது. இன்னொரு காரணம் உருப்படிக் கூலி: எண்ணிக்கைதான் சம்பளம் என்கிறபோது, வாசிப்பவரின் பங்கை மற்றவர்கள் உருட்டிக் கொடுக்க ஒரு சங்கம் வேண்டும், அந்த நம்பிக்கை வேண்டும். ஆகவே எங்கள் பகுதியில் மிஞ்சுவது வீட்டுத் திண்ணை. காகிதக் குழாயும் காலண்டர் அட்டையும் வந்திறங்கும் திண்ணைகளில் மருந்து இல்லை, சட்டப்படி இருக்கவும் கூடாது. அங்கே ஒரு பெட்டி பேசலாம்.

4

இனி தேர்வுக்கு வருவோம். புதிய ஒலி வெளியீடு ஒன்றைச் சேர்க்குமுன் நான் கேட்டுக்கொள்ளப் பழகிய கேள்விகள் இவை.

முதலாவது, இது என் கைக்கு வருமா? சந்தாக் கட்டிக் கேட்கும் செயலிகளில் நாம் வாங்குவது புத்தகத்தை அல்ல, அனுமதியை. சந்தா நின்றால் அலமாரி காலி. 2009 ஜூலையில் அமேசான், விற்பனை உரிமைச் சிக்கல் என்று சொல்லி, காசு கொடுத்து வாங்கியவர்களின் கிண்டில் கருவிகளிலிருந்து ஆர்வெல்லின் '1984'ஐயே அழித்தது. அந்தப் புத்தகத்துக்கே அது நடந்தது என்பது எழுதி வைத்தாற்போல் பொருத்தம். செயலியின் கோப்பு மெமரி கார்டில் ஏறாது; ஆகவே மதினியின் பெட்டிக்கு அது இல்லாத புத்தகம். பூட்டு இல்லாத எம்.பி.3 கோப்பாகவோ குறுந்தகடாகவோ கிடைப்பதைத்தான் சொந்த நூலகம் என்று சொல்லலாம். விநாடிக்கு 64 கிலோபிட் அளவில் பதிந்த ஒரு மணி நேரப் பேச்சு ஏறக்குறைய 29 எம்.பி. வரும். 8 ஜி.பி. கார்டு ஒன்றில் சுமார் 270 மணி நேரம் கொள்ளும். ஒரு திண்ணைக்கு அது பல மாதத்துக்குக் காணும்.

இரண்டாவது, முழுசா, சுருக்கமா? 'கேட்கும் புத்தகம்' என்று விற்பதில் பாதி, புத்தகத்தின் கதைச் சுருக்கமாக இருக்கிறது. இருபது நிமிஷத்தில் ஒரு நாவலைச் சொல்லி முடித்துவிடுகிறார்கள். கதை சொல்லல் ஒரு கலைதான், அதைத் தனியாகச் சேர்த்துக்கொள்ளலாம். ஆனால் படிக்காதவர்களுக்குச் சுருக்கம் போதும் என்கிற எண்ணத்தில் ஒரு அகங்காரம் ஒளிந்திருக்கிறது. வெளியீட்டின் மொத்த நேரத்தைப் புத்தகத்தின் பக்கங்களோடு ஒப்பிட்டாலே குட்டு வெளிப்பட்டுவிடும்.

மூன்றாவது, பின்னணி இசை. சோகத்துக்கு ஒரு வயலின், சண்டைக்கு ஒரு முழவு என்று போட்டிருப்பார்கள். மின்விசிறிச் சத்தம், தெரு, பேரப்பிள்ளை அழுகை இவற்றுக்கு நடுவே கேட்கிற காதுக்கு இசை சொல்லை மூடிவிடுகிறது. எங்கே அழவேண்டும் என்று உத்தரவு போடுகிற வேலையையும் செய்கிறது. வெறும் குரல் உத்தமம்.

நான்காவது, கோப்பு எப்படி வெட்டப்பட்டிருக்கிறது? திரை இல்லாத பெட்டியில் நான்கு மணி நேர ஒற்றைக் கோப்பு பயன்படாது. இடையில் நிறுத்தினால் திரும்ப முதலிலிருந்து வரும். இருபது நிமிஷத் துண்டுகளாக, 001, 002 என்று எண்ணிட்டு வைத்தால் எண்ணைச் சொல்லியே தேடிக்கொள்கிறார்கள். "நேத்து பதினேழு வரைக்கும் கேட்டோம் தம்பி" என்பார் மதினி. பக்க எண்ணை வாசகர் நினைவில் வைப்பது போலத்தான்.

ஐந்தாவது, இதுதான் கடினமானது: யாருடைய குரல்? குரலுக்கு உடம்பு உண்டு என்று 1972இல் ரோலான் பார்த் 'குரலின் மணி' பற்றி எழுதினார். நம் ஊரில் குரலுக்கு உடம்போடு ஊரும் சாதியும் உண்டு. ஒரு பதிவில் கதைசொல்லியின் பகுதியைச் செய்தி வாசிப்பாளரின் தமிழில் வாசித்துவிட்டு, கூலிக்காரப் பெண் பேசும் இடம் வந்ததும் மூக்கால் இழுத்து, கேலிச் சித்திரமாக்கி வாசித்திருந்தார்கள். எழுத்தில் அந்தக் கேலி இல்லை. குரல் கொண்டுவந்து சேர்த்தது. ஒலிப்பதிவும் ஒரு விமர்சனம் என்பதை, அதுவும் எழுதியவருக்குத் தெரியாமலே செய்யப்படும் விமர்சனம் என்பதை, நம் விமர்சகர்கள் இன்னும் கவனிக்கவில்லை.

இந்த மாவட்டத்தின் வத்திராயிருப்பு அருகே புதுப்பட்டியில் பிறந்த பாமா 1992இல் 'கருக்கு' வெளியிட்டபோது, கதை சொல்லும் குரலே பேச்சு வழக்கில் நின்றதுதான் பெரிய உடைப்பு. அதைப் 'பொதுத்தமிழ்' உச்சரிப்பில் நேராக்கி வாசித்தால் அந்த உடைப்பு மறுபடி ஒட்டவைக்கப்படும். கி.ரா., பூமணி, சோ. தர்மன், மேலாண்மை பொன்னுச்சாமி என்று கரிசலின் எழுத்து முழுவதற்கும் இது பொருந்தும். "வந்தாக", "அங்கிட்டு" என்பவை வாய்க்குப் பழகியவர் வாசித்தால் சொல்லாக இருக்கும். பழகாதவர் வாசித்தால் வேஷமாகிவிடும். எனவே புது வெளியீட்டின் முதல் பத்து நிமிஷத்தை அல்ல, உரையாடல் வரும் பத்து நிமிஷத்தைக் கேட்டுப் பார்த்து முடிவுசெய்வது நல்லது.

ஆறாவது, இயந்திரக் குரல். கணினி இப்போது தமிழ் வாசிக்கிறது, முன்பைவிட நன்றாகவே. கண் தெரியாத வாசகருக்கு எந்தப் பிரதியையும் அன்றைக்கே திறந்துவிடுகிற வசதியை நாம் ஏளனம் செய்யக் கூடாது. ஆனால் தமிழ் எழுத்து ஒலியைப் பாதிதான் சொல்லும்; மீதியை வாசிப்பவர் தர வேண்டும். 'பாவம்' என்று எழுதியிருப்பது செய்த பாவமா, முகத்தின் பாவமா என்பதில் முதல் எழுத்தின் ஒலியே மாறுகிறது. வட்டார வழக்கு வந்தால் இயந்திரம் இன்னும் தடுமாறும். செய்தி, கட்டுரை, சட்டம் இவற்றுக்கு அது போதும். 'கருக்கு'க்குப் போதாது.

ஏழாவது, பட்டியலின் சாய்வு. புது வெளியீடு என்று வருவதில் கல்கி ஏன் திரும்பத் திரும்ப வருகிறார்? தரம், ஜனரஞ்சகம் எல்லாம் இருக்கட்டும். அடிப்படைக் காரணம் சட்டம். 1954இல் மறைந்த கல்கியின் எழுத்து 1999இல் நாட்டுடைமை ஆனது. யாரும் யாரையும் கேட்காமல், காசு கொடுக்காமல் பதியலாம். இந்தியச் சட்டத்தில் எழுத்தாளர் இறந்து 60 ஆண்டு வரை பதிப்புரிமை. 1948இல் மறைந்த புதுமைப்பித்தனின் எழுத்தும் பொதுச் சொத்துத்தான். வாழும் எழுத்தாளருக்கு ஒப்பந்தமும் பணமும் வேண்டும். ஆக, சந்தையின் காது ஒரு பக்கம் செத்தவர்கள் பக்கமும், மறுபக்கம் 'வெற்றி பெறுவது எப்படி' பக்கமுமாகச் சாய்கிறது. நடுவில் உயிரோடு இருக்கும் கரிசல் எழுத்து விடுபடுகிறது. பட்டியலில் இருப்பதை மட்டும் வைத்து நூலகம் சேர்த்தால் இந்தச் சாய்வு நம் அலமாரிக்கும் வந்துவிடும்.

5

இந்த ஏழு கேள்விகளையும் கேட்டு, வடிகட்டி, பன்னிரண்டு தலைப்புகளை ஏற்றிக் கொடுத்தேன். என் ருசியின் மேல் எனக்கு நல்ல நம்பிக்கை இருந்தது.

திண்ணையில் நாலு பேர் கேட்டார்கள்: மதினி, பக்கத்து வீட்டுக்கார அம்மா ஒருவர், தீப்பெட்டி ஆபீசில் கண் மங்கிப்போய் நின்றுவிட்ட ஒருவர், பட்டாசு ஆபீசுக்குப் போகும் ஓர் இளம்பெண் (வேலை இல்லாத நாட்களில் மட்டும்). பொன்னியின் செல்வன் முதல் பாகத்தை ஆர்வமாகத்தான் கேட்டார்கள். ஒரு வாரம் கழித்து மதினி சொன்னார்: "கத நல்லாத்தான் இருக்கு. ஆனா இம்புட்டுப் பேரு குதிரைல போறாக வாராக, ஒருத்தராச்சும் வேல பாக்காகளா? சோறு யாரு பொங்குறா?"

இலக்கிய விமர்சனத்தில் நான் வாசித்த பல பக்கங்களை இந்த ஒரு கேள்வி சாப்பிட்டுவிட்டது. அடுத்து புதுமைப்பித்தனின் 'துன்பக்கேணி'. கூலிக்காகத் தேயிலைத் தோட்டத்துக்குப் போன மருதியின் கதை. குழாய் உருட்டும் வேகம் குறைந்து, ஓரிடத்தில் நின்றே போனது. அன்றைக்கு உருப்படி குறைந்தது; கூலியும் குறைந்தது. கண் மங்கிய அம்மா, தன் பாட்டியின் அக்கா ஒருத்தி கண்டிக்குப் போனவள் திரும்பவே இல்லை என்று சொல்லத் தொடங்கினார். பெட்டியை நிறுத்திவிட்டு அவரைக் கேட்டார்கள். பெட்டி நின்றதை நான் தோல்வி என்று எடுத்துக்கொள்ளவில்லை.

மற்றவற்றில் பாதி, கேட்காமலே கிடந்தது. நான் மிகவும் மதிக்கிற ஒரு நாவல் (பெயர் வேண்டாம்) "யாருட்டப் பேசுறாருன்னே தெரியல" என்ற தீர்ப்போடு ஒதுக்கப்பட்டது. நீண்ட வாக்கியம் அவர்களுக்குப் பிரச்சினை இல்லை. வில்லுப்பாட்டு வாக்கியம் நீளமானதுதான். முன்னால் உட்கார்ந்து கேட்க ஆள் இருக்கிறது என்ற நினைப்பே இல்லாத எழுத்துத்தான் பிரச்சினை. இதனால் அந்த நாவல் மட்டம் என்று ஆகிவிடாது. கண்ணுக்காக எழுதப்பட்டது காதுக்கு வராது, அவ்வளவே.

பிறகுதான் இளம்பெண் அந்தக் கேள்வியைக் கேட்டாள். "அண்ணே, எங்க ஆபீசு செவுத்துல ஒரு போர்டு தொங்குதுல்ல. எத்தன பேரு இருக்கணும், எம்புட்டு மருந்து வச்சுக்கிடணும்னு. அத இதுல ஏத்தித் தருவீகளா?"

2012 செப்டம்பர் 5இல் முதலிப்பட்டி பட்டாசு ஆலை வெடித்து 38 பேர் செத்தது, சின்னப் பிள்ளையாக இருந்த அவளுக்குப் புகையாக ஞாபகம் இருக்கிறது. பள்ளிக்கூடம் போனவள்தான், எழுத்துக் கூட்டுவாள், ஆனால் அந்தப் பலகையின் தமிழ் அவளுக்குத் திறக்கவில்லை. விதிகளை எளிய பேச்சில் சொல்லி, என் குரலிலேயே பதிந்து கொடுத்தேன். எட்டு நிமிஷம். நூலகத்தில் அதிகத் தடவை ஓடிய கோப்பு அதுதான். மூன்றாவது தடவை கேட்டபோது மதினி குழாயைக் கீழே வைத்துவிட்டு, "நாலு பேருதான்னு சட்டமே இருக்குங்க, பிறகு எப்பிடிடீ உங்க ரூம்ல ஏழு பேரு?" என்று கேட்டார். கேள்வி என்ற சொல்லின் இரண்டாவது அர்த்தம் அன்றைக்குத் திண்ணைக்கு வந்தது. அதற்கு அந்தப் பெண் பதில் சொல்லவில்லை. அந்த வேலையை விட்டால் வேறு வேலை இல்லை என்பது அங்கே எல்லோருக்கும் தெரியும். ஓர் ஒலிக்கோப்பு அதை மாற்றிவிடும் என்று நான் கதைவிடத் தயாரில்லை.

நான் அறிந்துகொண்டது என் தப்பைத்தான். ஹவானாத் தொழிலாளி தேர்ந்தெடுத்தான். இங்கே நான் தேர்ந்தெடுத்துக் கொடுத்தேன். டாம்பா முதலாளி வைத்த ரேடியோவுக்கும் என் பெட்டிக்கும் உள்ள வித்தியாசம் என் நல்லெண்ணம் மட்டுமே. இப்போது ஏற்பாடு வேறு. மாதம் ஒருமுறை நான் ஏழெட்டுத் தலைப்பிலிருந்து பத்துப் பத்து நிமிஷம் போட்டுக் காட்டுகிறேன். நாலு பேரும் சேர்ந்து எது இருக்கணும், எது போகணும் என்று சொல்கிறார்கள். என் ஏழு கேள்விகள் அந்தக் கூட்டத்துக்கு முந்தைய சல்லடை மட்டும்.

6

கடைசியாகச் சட்டம். 2012இல் திருத்தப்பட்ட பதிப்புரிமைச் சட்டம், உடல் குறைபாடு காரணமாக அச்சை வாசிக்க முடியாதவர்களுக்காக எந்த நூலையும் ஒலி முதலிய வடிவங்களுக்கு மாற்ற அனுமதிக்கிறது. அதே நோக்கமுள்ள 2013 மராகேஷ் உடன்படிக்கையை 2014இல் முதலில் ஏற்றுறுதி செய்த நாடு இந்தியா. பார்வையற்றோர் போராடிப் பெற்ற உரிமை இது, மகத்தானது. தீப்பெட்டி ஆபீசில் கண் மங்கிய அம்மா இதற்குள் வரக்கூடும். ஆனால் மதினி வரமாட்டார். அவருக்குக் கண் நன்றாகத் தெரிகிறது. எட்டு வயதில் பள்ளிக்கூடத்துக்குப் பதில் ஆபீஸ் பஸ் வந்தது சட்டத்தின் கண்ணில் குறைபாடு அல்ல. குழந்தைத் தொழிலாளர் சட்டம் 1986இல் வந்தது. சிவகாசிக் குழந்தைகளைப் பற்றிய உச்சநீதிமன்றத் தீர்ப்பு 1996 டிசம்பரில் வந்தது. இரண்டும் மதினிக்குப் பிந்தி வந்தவை. அவருக்கு வரவேண்டிய பாக்கியில் புத்தகமும் அடக்கம்.

சட்டம் மாறும் வரை செய்யக்கூடியவை சில உண்டு. பொதுச் சொத்தாகிவிட்ட எழுத்தை நம் ஊர்க் குரலில் நாமே பதியலாம். யார் அனுமதியும் வேண்டாம். வாழும் எழுத்தாளர்கள், தங்கள் ஒரு கதையையாவது தங்கள் வாயாலேயே வாசித்துப் பூட்டில்லாத கோப்பாக விடலாம். பதிப்பாளரோடு போட்ட ஒப்பந்தத்தில் ஒலி உரிமையை எழுதிக் கொடுத்துவிட்டார்களா என்று முதலில் பார்த்துக்கொள்வது நல்லது, பலர் பார்ப்பதே இல்லை. புத்தகத்தின் நியாயமான ஒரு பகுதியைப் பொதுவில் உரக்க வாசிப்பதைச் சட்டம் தடுக்கவில்லை; பதிவு வேண்டாம், நேரே போய்த் திண்ணையில் உட்கார்ந்து வாசிக்கலாம். நம் இதழ்களில் வரும் கட்டுரைகளையும் அப்படி ஒருதரம் வாசித்துப் பார்க்கலாம்.

இதை எழுதி முடித்ததும் மதினிக்கு வாசித்துக் காட்டினேன். தெரிதா, பெஞ்சமின் வரும் இடங்களில் குழாய் வேகமாக உருண்டது. தன்னைப் பற்றி வந்த இடத்தில் நிமிர்ந்து பார்த்தார். "முப்பது வருசமில்ல தம்பி, முப்பத்திரெண்டு. அத மாத்திருங்க" என்றார். மேலே மாற்றவில்லை, திருத்தம் அவர் குரலிலேயே இங்கே இருக்கட்டும்.